பிசிறு வெட்டிய வீடு

சீனியம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது அவள் கையில்தான். யாரையும் அடிக்க மாட்டாள். பிடித்திருக்கும் டிரிம்மர் வேகமெடுக்கும், அவ்வளவுதான். டிரிம்மர் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தரி. தைத்து வந்த பனியனில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிக்குப் பிசிறு என்று பெயர். அதை வெட்டிச் சுத்தம் செய்து, ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது செக்கிங் பெண்களின் வேலை. திருப்பூருக்கு வந்த நாள் முதலாக அவள் செய்தது அது ஒன்றுதான். நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் வெட்டாமல் விட அவளால் முடியாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரில் நூல் தொங்கினால்கூட எட்டிப் பிய்த்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "தொங்குதுல்ல" என்பாள்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ரொம்ப காலம் பிள்ளையில்லாமல் இருந்து, கோயில் குளம் சுற்றி, எல்லாரிடமும் பேச்சு வாங்கி, கடைசியில் அபிராமி பிறந்தாள். புருஷன் வீரணனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. இருவரும் வேலைக்குப் போகாவிட்டால் லைன் வீட்டு வாடகை கட்ட முடியாது. சொந்தக்காரர்கள் எல்லாம் ஊரில். அதனால் மூன்று வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டு வேலைக்கு வருவாள். தட்டில் சோறு, பாட்டிலில் தண்ணீர், விரித்த பாய். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் திரும்பி ஓடி வருவாள்.

நான் அதே கம்பெனியில் குழந்தைகள் காப்பகத்து ஆயா. பழனியம்மாள் என்று பெயர். இளவயதில் ஓர் ஆஸ்பத்திரியின் பிள்ளை வார்டில் முறையாகப் பயிற்சி எடுத்தவள். பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு என்னென்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் நிறைந்த வாளி ஒன்று போதும். மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று போதும். அப்படி வந்த பிள்ளைகளை இந்தக் கையால் துடைத்திருக்கிறேன்.

சரி, ஆயா இருக்கிறாள், காப்பகம் இருக்கிறது, பிள்ளையை அங்கே விட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் எரிச்சலே. எங்கள் காப்பகம் ஆடிட் அன்றைக்கு மட்டும் திறக்கும். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன், தொழிலாளர்களுக்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். பெண்கள் இத்தனை பேர் வேலை செய்தால் காப்பகம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே செக்கிங் ஹாலின் ஒரு மூலையில் அவசரமாகச் சுவர் எழுப்பி, மிக்கி மவுஸ் படம் வரைந்து, தொட்டில் கட்டினார்கள். கதவுக்கு வெளியே என் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். சான்றிதழைத்தான் வேலைக்கு வைத்தார்கள், நான் கூடவே வந்தேன். ஆடிட் அன்றைக்கு ஆபீஸ் ஊழியர்களின் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டி வந்து உட்கார வைப்பார்கள். பொம்மைகளை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுப்போம். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப உறையில் போட்டுவிடுவோம். மற்ற நாட்களில் பூட்டு. நான் பேக்கிங்கில் உட்கார்ந்து பனியனுக்கு விலைச்சீட்டு டேக் கோப்பேன்.

இதற்கெல்லாம் பொறுப்பு மேனேஜர் நாச்சிமுத்து. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்கள் திருப்பூர்ப் பக்கத்து ஆளுக்கே உரிய மரியாதை. இல்லை என்பதைக்கூட இல்லீங்க என்றுதான் சொல்வார். சீனியம்மாளுக்கு ஆத்திரமே அந்த 'ங்க'வில்தான்.

"எங்கூருல மாட்டேன்னா மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாய்ங்க. நாமளும் நாலு கேள்வி கேட்டுட்டு வந்துறலாம். இந்தாளு தேனத் தடவிச் சொல்றாரு. எங்கிட்டுப் பிடிச்சு வையுறது, யக்கா?" என்பாள் என்னிடம்.

2006-ஆம் வருஷம் பையர் தரப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்து காப்பகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போன கையோடு ஒரு பெட்டி அனுப்பினார். மெல்லிய மரப்பலகைகள். அதில் சுவர், தரை, கூரை, ஜன்னல், மாடிப்படி எல்லாம் வெட்டி வைத்திருந்தது. பெயர்த்தெடுத்து, பொருத்தி, பசை போட்டு ஒட்டினால் இரண்டு மாடிப் பொம்மை வீடு. அடுத்த மாதம் வரும்போது பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவதைப் பார்க்க ஆசை என்று கூடவே சேதி.

பெட்டியை மெக்கானிக் பிரித்துப் பார்த்து மூடினார். ஆபீஸ் பையன்கள் பார்த்து மூடினார்கள். அப்படியே கிடந்தது.

அந்த வாரம் ஒரு நாள் சீனியம்மாள் மதியம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது அபிராமி அழுது அழுது ஓய்ந்து, மூத்திரத்தில் படுத்துக் கிடந்தாளாம். நெற்றியில் புடைப்பு. ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி விழுந்திருக்கிறாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகக் கம்பெனிக்கு வந்தாள். செக்கிங் ஹால் நடுவில் நாச்சிமுத்துவை மறித்து நின்றாள்.

"அந்த ரூம்பத் தெறங்க. எம்புள்ள அங்க இருக்கட்டும்."

"கோவப்படாதீங்க. பாப்பாவுக்கு அடி பட்டுருச்சுங்களா? ஆயாம்மா, மருந்து போட்டு உடுங்க."

"மருந்து கேக்கல. ரூம்பக் கேக்குறேன். எங்களுக்குன்னுதான எழுதிப் போட்டுருக்கீக?"

இருநூறு பேர் கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "ஒண்ணு செய்யலாமுங்க. ஒரு பொம்ம ஊடு வந்து கெடக்குது. யாருக்கும் கட்டத் தெரியலீங்க. அந்தம்மா வர்றதுக்குள்ள நீங்க கட்டி நிறுத்தீட்டீங்கன்னா, உங்க பாப்பாவ அன்னாடம் காப்பகத்துல உட்டுக்குங்க. நான் சொல்றனுங்க."

அவளால் முடியாது என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை. கூட்டத்தைக் கலைக்கச் சொன்ன வார்த்தை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்று ஹாலைப் பார்த்துச் சொன்னாள். "பெட்டி எங்க?"

அவள் அதுவரை மரத்தில் செய்த வேலை விறகு ஒடித்தது மட்டும்தான். பெட்டியில் ஒரு படப் புத்தகமும் உப்புத்தாளும் சின்னப் பசை டியூபும் இருந்தன. புத்தகத்தை என்னிடம் தள்ளிவிட்டாள். "என்ன பாசைன்னே தெரியல. நீ வெச்சுக்க." என்னால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் படத்தைப் பார்க்க முடியாது, அன்றைக்குக் கண்ணாடி வீட்டில். புத்தகம் என் பையில் தூங்கியது. பலகைகளை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

இரண்டு சாயங்காலம் கழித்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டு வந்தாள். சிரிப்பு இல்லாத முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன், யக்கா. இனி ஒட்ட வேண்டியதுதான். என்னாத்த வெட்டுனாய்ங்களோ, ஒவ்வொரு பலகையிலயும் ஓரத்துல பல்லுப் பல்லா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அம்புட்டுப் பிசிறு. அருவாமணையில சீவி, உப்புத்தாளுல தேச்சு எடுத்துட்டேன். தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். பட்டுப் போல இருந்தது. ஒரு பிசிறு இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பெரிதாகப் படம் போட்டிருந்தது. சுவரின் ஓரத்தில் இருக்கும் பல், தரையில் இருக்கும் துளைக்குள் போய் உட்கார வேண்டும். வீடு முழுக்க அந்தப் பல்லில்தான் நிற்கிறது.

அவளிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தத் துளையெல்லாம் எதுக்குன்னு நெனச்சே, கண்ணு?" என்றேன்.

"காத்து வர."

பிறகு வைய ஆரம்பித்தாள். பல் வைத்தவனை வைதாள். வெள்ளைக்காரம்மாவை, பெட்டி கொண்டு வந்த கூரியர்காரனை, நாச்சிமுத்துவின் மரியாதையை, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த என்னை வைதாள். "தப்பா வெட்டுன பனியன்னா ரிஜெக்ட் பெட்டியில போட்டுட்டு அடுத்தத எடுத்துருவோம். இதுக்கு ஒத்தப் பீசுதானா? என்ன கம்பெனி நடத்துறாய்ங்க?"

வைது முடிந்ததும் சுவர்களை நிறுத்திப் பார்த்தாள். விழுந்தன. பசை போட்டு நிறுத்தினாள். கொஞ்சம் நின்றுவிட்டு விழுந்தன. காகிதக் கனமுள்ள பலகை, ஓரத்தில் பிடிமானம் இல்லை.

யார் போய்ச் சொன்னார்களோ, நாச்சிமுத்து வந்து எட்டிப் பார்த்தார். "அடடா. பரவால்லீங்க, மனசுல வெச்சுக்காதீங்க. உட்ருங்க. வேற ஏற்பாடு பண்ணிக்கறமுங்க." அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. வீடு போனாலும், கொடுத்த வார்த்தையை இனி அவர் காப்பாற்ற வேண்டியதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாள் இருக்குல்ல?" என்றாள் சீனியம்மாள்.

"இருக்குதுங்க. ஆனா..."

"நாள் இருக்குல்ல?"

அவர் போய்விட்டார்.

காப்பக அறைக்குள் ஒரு பழைய செக்கிங் மேசை உண்டு. இரும்பு ஆங்கிளை வெல்டிங் வைத்து, மேலே கனத்த பலகை அடித்தது. சுவர் எழுப்பிய அவசரத்தில் அதை வெளியே எடுக்க மறந்து, உள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். பின்னால் பார்த்தால் கதவு வழியாகப் போகவில்லை. அதன்மேல் பூத்துணி விரித்து பொம்மைகளை அடுக்கியிருந்தோம். சாவி என்னிடம்தான், திறந்துவிட்டேன். சீனியம்மாள் பூத்துணியை உருவி எறிந்தாள். குடோனில் உடைந்து கிடந்த சரக்குக் கட்டைகளைப் பொறுக்கி, சிறு சிறு துண்டாக அறுத்தாள். ஒவ்வொரு சுவருக்கும் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டு இரண்டு துண்டு. அந்தத் துண்டுகளை மேசைப் பலகையில் ஆணி வைத்து அடித்து, நடுவில் சுவரைச் செருகி, பெவிகால் ஊற்றினாள். பல் இல்லாத சுவருக்கு அதைத் தவிர வேறு வழி கிடையாது. இதில் தந்திரம் எதுவும் இருந்ததாக யாரும் பின்னால் கதை கட்ட வேண்டாம். நான் பக்கத்தில் இருந்தேன்.

காய்கிற வரைக்கும் சுவர் அசையக் கூடாது. எலும்பு முறிந்தால் சிம்பு வைத்துக் கட்டுவது போல, கட்டிங் கழிவுத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, சுற்றிக் கட்டினோம். அது என் வேலை, அதனால் சரியாக வந்தது. மேல்மாடி இரண்டு முறை சரிந்தது. மாடிப்படியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, பிய்க்கும்போது ஒரு படி உடைந்தது. மதியம் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு ஓடி வந்து கொஞ்ச நேரம், ஷிப்ட் முடிந்து கொஞ்ச நேரம் என்று கட்டினாள். கட்டும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் கட்டினாள்.

"முன்னாடி இம்புட்டுப் பெரிய கதவு. பின்னாடி பாத்தா செவுரே இல்ல. பின்னாடி தொறந்து கெடக்குற வீட்டுக்கு முன்னாடி கதவு எதுக்குங்கிறேன்?"

"பின்னாடியிருந்து கைய உட்டு வெளாடோணும், அதுக்குத்தான்" என்றேன்.

"அப்ப எங்க வீட்டுக்கும் அப்படி ஒரு பக்கம் தொறந்து வெச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள். நான் அடுத்த துணிப்பட்டையைக் கிழித்தேன்.

கட்டுகளை அவிழ்த்த அன்று வீடு நின்றது. கொஞ்சம் மேற்கே சாய்வு. புகைபோக்கி கோணல். கட்டைத் துண்டுகள் அங்கங்கே தெரிந்தன, அவற்றுக்குத் திண்டு மாதிரி பச்சை பெயின்ட் அடித்தாள். ஆனால் நின்றது.

வெள்ளைக்காரம்மா வந்தார். ஆபீஸ் பிள்ளைகள் நாலு பேர் புது பனியனில் விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் ஒன்று அழ, மற்றது அழ, காப்பகம் ஒரே கூப்பாடு. அபிராமி மட்டும் அழவில்லை. அன்றைக்கு அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பாட்டுக்கு நின்று, மேல்மாடிக்குள் பட்டன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தம்மா மண்டியிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் எடுத்துக் கொடுத்தார். நிறையப் படம் பிடித்தார். இந்தப் படங்களை எல்லா இடத்துக்கும் அனுப்புவேன் என்றாராம். நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை சீனியம்மாள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, காப்பக வாசலில் வந்து நின்றாள். பூட்டு.

"சொன்னது வாஸ்தவந்தானுங்க" என்றார் நாச்சிமுத்து. "ஆனா ரோசன பண்ணிப் பாருங்க. உங்க ஒரு பாப்பாவ உட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். பாலு, பிஸ்கட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்றதாருங்க? தப்பா எடுத்துக்காதீங்க."

இத்தனை வயதில் எத்தனையோ டாக்டர்களிடமும் கண்காணிகளிடமும் ஏச்சு வாங்கியிருக்கிறேன். இந்தக் குழைவான பேச்சுக்கு வந்த கோபம் எதற்கும் வந்ததில்லை. "சாமி, பூட்டுன ஊட்டுக்குள்ள பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்ப பதில் சொல்றதாருங்க?" என்று கேட்டேன். "நீங்க உள்ள போங்க ஆயாம்மா" என்றார்.

சீனியம்மாள் கத்தவில்லை. "ஹாலே கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள். பிள்ளையைக் கொண்டுபோய் வீட்டில் பூட்டிவிட்டு வந்தாள். அன்று அவள் பக்கம் யாரும் போகவில்லை. டிரிம்மர் சத்தம் மட்டும் கேட்டது.

வாரம் திரும்புவதற்குள் இன்னொரு பையர் வருவதாகச் செய்தி. படத்தைப் பார்த்திருக்கிறார், பொம்மை வீட்டை நேரில் பார்க்க வேண்டுமாம். முதலாளி ஒரு யோசனை சொன்னார். வருபவரைத் தூசிக்குள் காப்பகம் வரை ஏன் இழுக்க வேண்டும், வீட்டைத் தூக்கி முன் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுங்கள். சேவூரிலிருந்து பொங்கியண்ணன் என்ற ஆசாரியை நாச்சிமுத்து கூட்டி வந்தார். நான்தான் அறையைத் திறந்துவிட்டேன். சாப்பாட்டு நேரம். சீனியம்மாளும் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு ஓடி வந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பொங்கியண்ணன் குனிந்து, படுத்து, தட்டிப் பார்த்தார். "இத யாருங்க கட்டுனது?"

"நாந்தே" என்றாள்.

"பொருத்தே இல்லீங்களே. செவுரு பூராம் மேசையில நட்டு வெச்சிருக்குது."

"நிக்குதுல்ல?"

"நிக்குதுங்க. எடுக்கத்தான் முடியாது." நாச்சிமுத்து பக்கம் திரும்பினார். "பேத்தா பலகைதானுங்க கெடைக்கும், ஊடு கெடைக்காது. ரம்பம் வெச்சு மேசையோட அறுத்தாலும் அதிர்ச்சியில செவுரு உட்ரும்."

"மேசையோட தூக்கிறலாமுங்களா?"

பொங்கியண்ணன் கதவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "கதவப் பேக்கோணும். அப்பறம் செவுரப் பேக்கோணும். ஒரு பொம்ம ஊட்டுக்கு இம்புட்டுப் பண்ணுவீங்களா?"

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் அந்தச் சாய்ந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வீடு இங்கேதான். பையர் இங்கேதான் வருவார். சீசன் முழுக்க வந்துகொண்டேதான் இருப்பார்கள். இன்ன நேரம் என்று சொல்லிக்கொண்டும் வர மாட்டார்கள். வந்தால் வீட்டுக்கு முன்னால் பிள்ளை விளையாட வேண்டும். ஆபீஸ் பிள்ளைகளோ வெள்ளைத் தோலைக் கண்டால் அலறுகின்றன.

"பாப்பாவ நாளையிலிருந்து கொண்டாந்து உட்ருங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள். சீனியம்மாள் அசையவில்லை.

"எம்புள்ள ஒத்தையில வெளாடாது."

"என்னங்க?"

"ஒத்தப் புள்ளைய உக்கார வெச்சா பொம்மை மாதிரிதான் உக்காந்திருக்கும். வர்றவக கண்டுபிடிச்சுருவாக. ஓவர்லாக் தையல் மிசினுல மூணு பேரு புள்ளையப் பூட்டிட்டு வாராளுக. பேக்கிங்குல ரெண்டு பேரு. அதுகளும் வரட்டும். அப்பத்தான் வெளாடும்."

"அதெப்படீங்க..."

"அப்ப எம்புள்ளையும் வராது. ஆபீசுப் புள்ளைகளவே வெச்சு அழுக விடுங்க."

பொங்கியண்ணன் தன் பையை எடுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். நாச்சிமுத்து சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு பிள்ளைகள் வந்தன. பூட்டு இல்லை. பால் வந்தது. நான் டேக் கோப்பதை விட்டு என் வேலைக்கு வந்தேன்.

நியாயம் ஜெயித்தது என்று இதை யாரும் எழுத வேண்டாம். பிள்ளைகளுக்காகத் திறக்காத கதவு, ஒரு மரப்பொம்மைக்காகத் திறந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. சீனியம்மாளுக்கும் எரிந்தது. நாச்சிமுத்துவுக்கு அவள் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அவர் வணக்கமுங்க என்றால் டிரிம்மரைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்பாள்.

ஆனால் மதியம் அவள் ஓடுவது நின்றது. சாப்பாட்டுத் தூக்கைக் காப்பகத்துக்கே கொண்டு வந்து, பிள்ளைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று உட்கார்ந்து சாப்பிடுவாள். சாப்பிடும் நேரத்தில் வாய்ச்சண்டை போட ஆள் கிடைக்காவிட்டால் நான் கிடைப்பேன்.

ஆறு பிள்ளைகள் ஒரு வீட்டை வைத்து விளையாடினால் என்ன ஆகுமோ அது ஆனது. முதலில் புகைபோக்கி போனது. பிறகு ஜன்னல்கள். மழைக்காலத்தில் ஒருநாள் கூரையின் ஒரு பக்கம் உள்ளே இறங்கியது. அதன்மேல் ஒரு பையன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நாச்சிமுத்து மதியம் வந்து பார்த்துவிட்டு, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனியம்மாள் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழம அந்தம்மா மறுபடி வர்றாங்க. கூரைய மட்டும் ஒட்டிக் குடுத்துருங்களேன். பாக்க நல்லாருக்காதுங்க."

சீனியம்மாள் தூக்கைக் கழுவி மூடினாள். "இருக்கட்டும்" என்றாள். "அந்தம்மா பாக்கட்டும். கேட்டா, புள்ளைக அன்னாடம் வந்து வெளாடுதுக, அதான் ஒடஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. இந்த ஒரு தடவை நீங்க பொய் சொல்ல வேண்டியதில்லைல."

சொல்லிவிட்டு மணி அடிப்பதற்குள் செக்கிங்குக்குப் போய்விட்டாள். நாச்சிமுத்து இன்னும் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளைத் தூங்க வைக்கும் நேரம், குறுக்கே நிற்க வேண்டாமுங்க என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.